ஊராரின் இசைவும் ஊராரின் பங்கும்

துயர்தணிப்புப் பணியாயினும் ஆராய்ச்சிப் பணியாயினும், அது நடைபெறும் ஊரின் மக்களும் அதில் பங்குகொள்ள வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கொள்கையாகும். திட்ட அறிக்கைகளில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கப்படுவதுண்டு. ஆனால் ஊரார் பங்குகொண்டனரா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை மிக எளியதாக இருக்கும். கூட்டத்திற்கு எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் கையொப்பமிட்டனர், வழங்கிய பொருளை எத்தனை வீட்டார் பெற்றுக்கொண்டனர் என்னும் தொகைகளே அவை. இத்தொகைகள் ஊராரின் இசைவைக் காட்டும். அவர்களுடைய பங்கைக் காட்டுமா என்பது ஐயத்திற்குரியது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை, நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் நிகழ்ந்த மூன்று முயற்சிகளின் வாயிலாக அறியலாம். பஞ்சாபில் நடந்த ஓர் ஆராய்ச்சி, மேற்கு வங்காளத்தில் நடந்த ஒரு துயர்தணிப்புப் பணி, பங்களாதேஷில் பத்தாண்டுகள் நடந்த ஒரு சுகாதாரப் பிரசாரம் ஆகியவையே அம்மூன்றும். குழந்தைகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய் மூன்றிலும் ஏதேனும் ஒரு வகையில் இடம்பெறுகிறது. முதல் முயற்சியில் கண்ட நோய்க்கு இரண்டாவதில் எளிய மருந்து கிடைத்தது. மூன்றாவதில் அம்மருந்தை வீடுதோறும் சேர்ப்பதில் உள்ள இடர் வெளிப்பட்டது.

பஞ்சாபில் ஓர் ஆராய்ச்சி

பஞ்சாபின் லூதியானா ஜில்லாவில் கன்னா என்ற ஊர் உள்ளது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1953-ஆம் ஆண்டு முதல் 1960 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியினர், இந்திய அரசாங்கத்தின் ஆதரவுடன் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். ஜான் வையன், ஜான் கார்டன் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் இதற்குத் தலைமை தாங்கினர். குடும்பக் கட்டுப்பாட்டு முறையொன்றைக் கிராமத்தாருக்கு வழங்கினால் பிறப்பு விகிதம் குறையுமா என்று கண்டறிவதே நோக்கம். ஊழியர்கள் வீடுதோறும் மாதந்தவறாமல் சென்று பிறப்பு, இறப்பு, கருவுற்றோர் விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டனர். சில கிராமங்களில் கருத்தடை மாத்திரைகளையும் வழங்கினர். உட்கொள்ளும் மாத்திரைகள் அல்ல அவை, நுரை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தவை.

மக்கள் மாத்திரைகளை மறுக்கவில்லை. அவற்றை ஏற்றுக்கொண்டோர் தொகை ஊக்கமளிப்பதாகவே இருந்தது. ஆனால் பெற்றுக்கொண்டவர்களிற் பலர் அவற்றைப் பயன்படுத்தவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆராய்ச்சிக் கிராமங்களுக்கும் ஒப்பீட்டுக்காக வைத்த பிற கிராமங்களுக்கும் பிறப்பு விகிதத்தில் எதிர்பார்த்த வேறுபாடு தோன்றவில்லை. வையனும் கார்டனும் இவ்வாராய்ச்சியைப் பற்றிய தங்கள் நூலை 1971-ல் வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டே மஹ்மூத் மம்தானி என்ற அறிஞர், அக்கிராமங்களுள் ஒன்றான மனுப்பூருக்குச் சென்று கண்டவற்றை வைத்து மற்றொரு நூல் எழுதினார். கிராமத்தார் தந்த விளக்கம் அதில் உள்ளது. தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள், மரியாதையாகப் பேசுபவர்கள், வேறெதையும் கேளாமல் மாத்திரையை வாங்கிக்கொள்ளுமாறு மட்டும் கேட்பவர்கள். அவர்கள் மனத்தைப் புண்படுத்துவானேன் என்று வாங்கி வைத்துக்கொண்டனராம். ஒருவர் அம்மாத்திரைப் பெட்டிகளையும் புட்டிகளையும் அடுக்கிச் சிற்பம் போன்ற ஓர் அலங்காரப் பொருளாக்கித் தம் வீட்டில் வைத்திருந்ததையும் மம்தானி கண்டார். நிலத்தில் உழைக்க ஆள் வேண்டும், முதுமையில் தாங்க மகன் வேண்டும் என்ற நிலையில் இருந்த குடும்பங்களுக்குக் குழந்தைகளைக் குறைத்துக்கொள்வதற்குக் காரணம் ஏதும் தென்படவில்லை என்பது அவருடைய வாதம். இவ்வாதத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. பிற்காலத்தில் பஞ்சாபில் பிறப்பு விகிதம் நன்கு குறைந்தே வந்துள்ளது. எனினும், மக்கள் மாத்திரையை வாங்கியது விருந்தினருக்குக் காட்டும் உபசாரமே என்ற செய்தி, களப்பணி செய்யும் எவரும் மறக்கத் தகாதது. நம் கிராமங்களில் வாசலுக்கு வந்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் 'இல்லை' என்று சொல்வது வழக்கமில்லை. அந்த நாகரிகம் ஏட்டில் ஏறும்போது 'ஒப்புதல்' என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

இதே ஆராய்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதைக் கூறாவிடின் நியாயமாகாது. மாதந்தோறும் வீடுகளுக்குச் சென்ற ஊழியர்களிடம் தாய்மார் தங்கள் குழந்தைகளின் நோயைப் பற்றியும் சாவைப் பற்றியும் விரிவாகவே கூறினர். அவ்விவரங்களைத் தொகுத்துக் கார்டனும் சகாக்களும் 1963-ல் ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டனர். தாய்ப்பாலோடு பிற உணவும் கொடுக்கத் தொடங்கி, மெல்ல மெல்லப் பால் மறக்கடிக்கும் பருவத்தில்தான் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு மிகுதியாக வருகிறது. ஊட்டக்குறைவும் அதனோடு சேர்ந்து சாவை விளைவிக்கிறது என்று அது எடுத்துக்காட்டியது. உலகெங்கும் குழந்தை மருத்துவத்தில் இக்கருத்து நிலைபெற்றது. மாத்திரையைப் பற்றி உபசாரமாக விடையளித்த அதே வீடுகள், குழந்தையின் நோயைப் பற்றி உண்மையைச் சொல்லின. முன்னது ஆராய்ச்சியாளரின் கவலை, பின்னது அவ்வீட்டாரின் சொந்தக் கவலை என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பங்கானில் நேர்ந்த நெருக்கடி

வயிற்றுப்போக்கினால் உயிர் போவது கிருமியின் நஞ்சினால் நேரடியாக அன்று. உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறி விடுவதனால்தான். காலராவில் இவ்விழப்பு மிகக் கடுமையாக இருக்கும். சில மணி நேரத்திலேயே நோயாளி மரணமடையக்கூடும். உப்பு நீரை ஊசி மூலம் இரத்தக் குழாயில் செலுத்தினால் பிழைத்துக்கொள்வார். வாய் வழியாக வெறும் உப்பு நீரைக் கொடுத்தால் குடல் அதை ஏற்பதில்லை. ஆனால் உப்போடு குளுக்கோஸையும் உரிய அளவில் சேர்த்துக் கொடுத்தால், குளுக்கோஸை உறிஞ்சும் குடற்சுவர் உப்பையும் உடன் இழுத்துக்கொள்கிறது; உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. காலரா நோயிலும் குடலின் இந்த ஆற்றல் கெடுவதில்லை.

கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துக் கண்ட பலனை 1953-லேயே 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். அது அக்காலத்தில் உரிய கவனம் பெறவில்லை. பின்னர் 1960-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆராய்ச்சிகள் இம்முறையைத் திடமாக நிறுவின. ஆயினும் நோயாளி குடிக்கும் நீரையும் கழிக்கும் நீரையும் அளந்து கணக்கிடத் தேர்ந்த மருத்துவர்களும் தாதிகளும் உடனிருக்க வேண்டும் என்ற எண்ணமே மருத்துவ உலகில் நிலவியது. படிப்பறியாத ஒரு தாயிடம் இதை ஒப்படைக்கலாம் என்று துணிந்து கூறுவோர் அரியர்.

1971-ஆம் ஆண்டு இந்த எண்ணம் சோதனைக்குள்ளாயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போரினால் சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவிற்குள் வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தில் தங்கினர். மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவிற்று. எல்லையோர ஊரான பங்கானில் இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்கு, கல்கத்தாவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பன்னாட்டு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலநோபிஸ் ஜூன் மாத இறுதியில் சென்றார். நோயாளிகள் தரையில் நெருக்கமாகக் கிடந்தனர். ஊசி ஏற்ற வேண்டுமானால் கழிவின் மீதே மண்டியிட்டு அமரவேண்டிய நிலை. ஊசி மூலம் செலுத்தும் உப்பு நீரோ விரைவில் தீர்ந்துவிடும் போலிருந்தது. அதை ஏற்றப் பழகிய கைகளும் போதவில்லை.

வேறு வழியின்றி மஹலநோபிஸ் வாய் வழி நீரையே நம்பினார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பதே கலவை. கல்கத்தா நிலையத்தின் நூலக அறையிலேயே இவற்றை நிறுத்துப் பிளாஸ்டிக் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி மூடி அனுப்பினர். பங்கானில் அதைப் பெரிய பீப்பாய்களில் கரைத்தனர். பீப்பாயின் அடியில் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. நோயாளியின் தாயோ, தமக்கையோ, கணவனோ குவளையில் பிடித்துச் சென்று புகட்டினர். நோயாளிக்குத் தாகம் உள்ளவரை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல வேண்டியது மிகுதியாக இருக்கவில்லை. அதிர்ச்சி நிலையை அடைந்துவிட்டவர்களுக்கு மட்டும் ஊசி மருந்து சேமித்து வைக்கப்பட்டது.

தொடக்கத்தில் 100-க்கு 30 பேர் என்ற அளவில் இருந்த இறப்பு, இம்முறை மேற்கொள்ளப்பட்ட பின்னர் 3.6 ஆகக் குறைந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் திமான் பருவா பங்கானுக்கு நேரில் வந்து பார்த்து, பிற்காலத்தில் உலகெங்கும் இம்முறை பரவ வழிவகுத்தார். மஹலநோபிஸின் அறிக்கை 1973-ல் வெளியாயிற்று. சர்க்கரையும் உப்பும் இணைந்து நீரை உட்செலுத்தும் இக்கண்டுபிடிப்பை, இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 'லான்செட்' 1978-ல் பாராட்டியது. மஹலநோபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒன்று நோக்கற்பாலது. பங்கானில் உறவினரைப் பணியில் சேர்த்தது எந்தக் கொள்கையின் விளைவுமன்று. ஆள் இல்லை, மருந்து இல்லை. ஆகவே அவர்கள் கையில் குவளை கொடுக்கப்பட்டது. ஆட்களும் சாதனங்களும் தாராளமாக இருந்திருந்தால், அவர்களை வார்டுக்கு வெளியே நிற்குமாறு சொல்லியிருக்கவும் கூடும். வல்லுநர்களின் அச்சம் காரணமற்றது என்பதை அவர்கள் வாதத்தால் மெய்ப்பிக்கவில்லை, வேலையால் மெய்ப்பித்தனர். இருந்தும், உறவினரின் பங்கு ஓரளவோடு நின்றது. என்ன கொடுப்பது, எவ்வளவு கலப்பது என்பவற்றை மருத்துவரே முடிவு செய்தார். கலவையும் ஆயத்தமாகவே வந்தது. முகாமில் அதுவே சாலச் சிறந்த ஏற்பாடு. முகாம் கலைந்து, தாய் தன் கிராமத்துக்குத் திரும்பிய பின் என்ன செய்வாள் என்ற வினா மிஞ்சிற்று.

மூன்று விரல் உப்பு

போர் முடிந்து புதிதாகத் தோன்றிய பங்களாதேஷில் அவ்வினாவுக்கு விடை தேட முற்பட்டவர்களுள் 'பிராக்' என்ற தொண்டு ஸ்தாபனம் முதன்மையானது. பஸ்லே ஹசன் அபேத் என்பவர் 1972-ல், திரும்பி வந்த அகதிகளின் மறுவாழ்வுக்காகச் சில்ஹெட் பகுதியிலுள்ள சுல்லா என்னும் தாழ்நிலப் பிரதேசத்தில் அதனைத் தொடங்கினார். மருந்துப் பொட்டலங்களை நாடெங்கும் வழங்க அக்காலத்தில் வசதியில்லை. ஆகவே எந்த வீட்டிலும் கிடைக்கும் உப்பையும் வெல்லத்தையும் கொண்டே நீரைத் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்பிப்பது என்று முடிவு செய்தனர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்பது அளவு. வங்காளியில் இதற்கு 'லொபொன்-குர்' என்று பெயர். உப்பு மிகுந்துவிட்டால் குழந்தைக்கு ஆபத்து நேரும். ஆதலால் எத்தனை விரல், விரலின் எந்தக் கணு வரை, பாத்திரத்தில் எந்த அடையாளம் வரை என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டிக் கற்பிக்க வேண்டியிருந்தது.

1980 முதல் 1990 வரை, பிராக் ஸ்தாபனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு தாய்க்கும் அவள் வீட்டிலேயே, அவள் பாத்திரத்திலேயே இதைக் கற்பித்தனர். பத்தாண்டுகளில் இவ்வாறு கற்றுக்கொண்ட தாய்மார் ஒரு கோடியே இருபது லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். உலக வரலாற்றில் நேருக்கு நேர் நடத்திய சுகாதாரப் போதனைகளுள் இவ்வளவு பெரியது வேறு அதிகமில்லை.

ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த முறை கவனத்திற்குரியது. ஊழியர் வந்து சென்று சில நாட்கள் கழித்து, மேற்பார்வையாளர் ஒருவர் அவர் கற்பித்த தாய்மாருள் சிலரைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து அவர்களைச் சந்திப்பார். கற்பித்த செய்திகளைக் கேட்பார். கலவையைத் தயாரித்துக் காட்டச் சொல்வார். அதில் சிறிது எடுத்து உப்பின் அளவைச் சோதனைக்கு அனுப்புவார். தாயின் விடைகளும் கலவையும் எவ்வளவு சரியாக இருந்தனவோ அதற்கேற்ப ஊழியரின் ஊதியம் கூடும், குறையும். கற்பித்தவரின் கூலி கற்றவரின் அறிவைப் பொறுத்தது என்னும் இவ்வேற்பாடு புதுமையானது, நேர்மையானதும்கூட. தாய்மார் மிக நன்றாகவே கற்றனர். பெரும்பாலோர் விடைகளை ஒப்பித்தனர். சோதனைச்சாலையில் கலவைகளும் பெரும்பாலும் பாதுகாப்பான அளவிலேயே இருந்தன.

ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது எத்தனை வீடுகளில் லொபொன்-குர் கொடுத்தனர் என்று தனியே கணக்கெடுத்தபோது, வந்த தொகை பணியாளர்களைத் திடுக்கிடச் செய்தது. மிகச் சிறு பகுதியினரே கொடுத்திருந்தனர். கற்றுக்கொண்டனர், செய்தும் காட்டினர், பயன்படுத்தவில்லை. கன்னா கிராமங்களில் மாத்திரைக்கு நேர்ந்தது இங்கே உப்புக்கும் வெல்லத்துக்கும் நேரும் போலிருந்தது. வேறுபாடு ஒன்றுதான். பிராக் ஸ்தாபனத்தார் ஏழாண்டுகள் காத்திராமல் உடனே காரணம் தேடினர். தாய்மாரைக் குறை கூறாமல் தம் பணியிலேயே அதைத் தேடினர்.

முதற் காரணம் ஊழியர்களிடமே இருந்தது. உங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இதைக் குடிப்பீர்களா என்று ஊழியர்களையே கேட்டபோது, ஆம் என்றவர்கள் சிலரே. மற்றவர்கள் மாத்திரையை நாடுவதாகக் கூறினர். தாமே நம்பாத ஒன்றைப் பிறருக்குச் சொல்லி வந்தனர். கேட்டவர்கள் அதை உணராமலா இருப்பார்கள்? அதன்பின் ஊழியர்களை டாக்காவிலுள்ள வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மயங்கிய நிலையில் வரும் நோயாளி வாய் வழி நீரினால் எழுந்து உட்காருவதைக் கண்ணால் காணச் செய்தனர். உடலில் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் விளக்கினர். தாயின் வீட்டில் கலவையைச் செய்து முடித்ததும், முதலில் ஊழியர் அதில் ஒரு வாய் பருக வேண்டும் என்ற வழக்கமும் ஏற்பட்டது.

இரண்டாவது காரணம் வீட்டின் ஆண்மக்கள். ஊழியர்கள் பெண்கள், பேசியதும் பெண்களிடமே. வீட்டுக்கு அயலார் வந்து மருந்தைப் பற்றிப் பேசிச் சென்றதைக் கணவன்மாரும் மாமனார்களும் ஐயத்துடன் நோக்கினர். மருந்துக்குக் காசு கொடுப்பவரும், வைத்தியரை அழைத்து வருபவரும் அவர்களே அல்லவா? ஆகவே சந்தை கூடும் இடங்களிலும், மசூதிகளிலும், பள்ளிக்கூடங்களிலும் ஆடவரைக் கூட்டி விளக்கத் தொடங்கினர். கிராம வைத்தியர்களுடனும் பேசினர்.

மூன்றாவது காரணத்தை மானிடவியல் முறையில் தாய்மாருடன் நெடுநேரம் உரையாடியபோதே அறிய முடிந்தது. ஊழியர்கள் 'டைரியா' என்ற சொல்லைப் பயன்படுத்தி வந்தனர். கற்பித்தவர்களுக்கு அது எல்லா வகை வயிற்றுப்போக்கையும் குறித்தது. தாய்மாருக்கு அப்படியன்று. பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலின் கோளாறினால் வருவதாக அவர்கள் கருதிய கழிச்சல் 'துத் ஹாகா'. தின்றது செரியாமல் போவது 'அஜீர்ணோ'. சளி கலந்து வயிற்று வலியோடு போவது 'ஆமாஷா'. தண்ணீராகக் கொட்டி ஆளைச் சாய்க்கும் காலரா போன்ற பேதிக்கு மட்டுமே 'டைரியா' என்று பெயர். முதல் மூன்றுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பரம்பரையாக வந்த பத்தியமும் மருந்தும் உண்டு. ஆகவே லொபொன்-குர் 'டைரியா'வுக்குரிய மருந்து என்று கற்ற தாய், 'டைரியா' வரும் வரை காத்திருந்தாள். அவள் பாடத்தை மறக்கவுமில்லை, புறக்கணிக்கவுமில்லை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். குழந்தைகளுக்கு அடிக்கடி வருவனவோ முதல் மூன்று வகைகளே. தமிழ்நாட்டில் மாந்தம், சீதபேதி, செரியாமை எனப் பிரித்துப் பேசும் தாய்மாரிடம் பணிபுரியும் ஊழியருக்கு இது வியப்பளிக்காது.

இச்செய்தி கிடைத்ததும் பாடமே மாற்றி எழுதப்பட்டது. நால்வகைப் பெயர்களையும் தாய்மார் கூறியவாறே எடுத்துக்கொண்டு, நீர் எந்தெந்த வகைக்குக் கட்டாயம் வேண்டும் என்பதை அப்பெயர்களாலேயே கற்பித்தனர். பாடத்தில் இருந்த செய்திகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. ஊராரின் அறிவு திட்டத்தின் வாசகத்தைத் திருத்திய இடம் இது. கையொப்பமும் கூட்டமும் இல்லாமலே இங்கு நிகழ்ந்ததைத்தான் பங்கு என்று கூறத் தகும். பயன்படுத்துவோர் தொகை பின்னர் படிப்படியாக உயர்ந்தது. இன்று வாய் வழி நீரை மிகப் பரவலாகக் கையாளும் நாடுகளுள் பங்களாதேஷ் ஒன்றாக விளங்குகிறது.

ஊழியர் நிலை

இம்மூன்று முயற்சிகளிலும் இடையில் நிற்பவர் கிராம ஊழியரே. ஊராரின் மொழியும் திட்டத்தின் மொழியும் சந்திக்கும் இடம் அவருடைய நாவாகும். ஊரார் உபசாரத்துக்காக ஆமென்றதை அவர் முதலிலேயே அறிவார். ஆனால் அதை மேலிடத்துக்கு எழுதினால் தம் வேலைத்திறன் குறைவென்று கருதப்படுமோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. எண்ணிக்கை கேட்கும் படிவத்தில் 'வாங்கிக்கொண்டார், ஆனால் பயன்படுத்த மாட்டார்' என்று எழுத இடமும் இருப்பதில்லை. பிராக் ஸ்தாபனத்தின் ஊதிய முறைகூட, நேர்மையானதாயினும், ஊழியரின் கவனத்தைத் தாயின் விடையில் நிறுத்தியதே அன்றி நோயுற்ற குழந்தையின் வாயில் நிறுத்தவில்லை. அளந்தது கிடைத்தது, அளக்காதது கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2005-ல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் 'ஆஷா' என்னும் பெண் ஊழியர்கள் அந்தந்தக் கிராமத்திலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்களுடைய வருவாயிலும் ஒரு பகுதி, முடித்த வேலைக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே வருகிறது. ஊரைச் சேர்ந்தவர் என்பதால் ஊராரின் உள்ளம் அவருக்குத் தெரியும். அதே காரணத்தால் ஊராரைப் பகைத்துக்கொண்டு உண்மையை எழுதுவதும் அவருக்குக் கடினம். கணக்கெடுக்க வரும் பல ஆராய்ச்சியாளர்களுக்கும் அவரே வழிகாட்டி, அவரே மொழிபெயர்ப்பாளர், சில வேளைகளில் அவரே வினாத்தாளை நிரப்புபவர். வெளியாகும் கட்டுரையில் அவர் பெயர் இடம்பெறுவது அருமை.

ஆராய்ச்சியைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் சில வரம்புகளை விதித்துள்ளன. ஊர்த் தலைவரின் அனுமதி பெற்றுவிட்டால் அது தனி மனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆராய்ச்சியின் திட்டம் முதல் முடிவு வரை சமுதாயத்தினருடன் கலந்து செயல்பட வேண்டும் என்றும், கண்டறிந்தவற்றை அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. நெறிமுறை வரவேற்கத்தக்கதே. எனினும் ஒப்புதல் படிவம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், மறுத்தால் ஆஸ்பத்திரியில் முகம் கொடுப்பார்களா, ரேஷன் கிடைக்குமா என்று அஞ்சுபவரின் கையொப்பம் மனுப்பூரில் வாங்கி வைத்த மாத்திரையைப் போன்றதே. துயர் வந்த காலத்தில் இவ்வச்சம் இன்னும் மிகும். உணவும் கூரையும் தருபவரே வினாவும் கேட்டால், மறுப்பதற்கு எவருக்குத் துணிவு வரும்? முகாம்களில் உதவி வழங்குவோரும் விவரம் திரட்டுவோரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நலம் என்று அனுபவமுள்ளோர் கருதுவது இதனாலேயே.

பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கு ஒரு வாய்ப்பு உண்டு. அவர் ஊரில் நெடுநாள் இருப்பவர். உதவியும் அவர் கையில் இல்லை, ஆராய்ச்சியும் அவருடையதன்று. வீட்டில் தம்பிக்கு வயிறு போனால் பாட்டி என்ன கொடுத்தாள், அதற்கு என்ன பெயர் சொன்னாள் என்று மாணவர்கள் சொல்லக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், வந்து போகும் கணக்கெடுப்பாளர் ஒரு மாதத்தில் திரட்ட முடியாத செய்தி அதில் இருக்கும். பங்களாதேஷில் நால்வகைப் பெயர்களை அறிய நெடுங்காலம் ஆனதை இங்கு நினைவு கூரலாம்.

இன்று நம் நாட்டில் வழங்கப்படும் பொட்டலங்களின் கலவை, பங்கானில் பயன்பட்டதினும் மாறுபட்டது. உப்பும் குளுக்கோஸும் குறைக்கப்பட்டு, பொட்டாசியமும் சிட்ரேட்டும் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு. இதனுடன் 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுக்கப்படுகிறது. பொட்டலம் கிடைக்கும் இடங்களில் விரலளவை நாடாமல் அதையே பயன்படுத்துவது பாதுகாப்பானது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் 100-க்கு 60.6 பேருக்கு இந்நீர் கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆய்வில், அதாவது 2015-16-ல், இது 50.6 ஆக இருந்தது. பொட்டலம் எட்டாத இடங்கள் இன்னும் உள்ளன என்பது ஒரு காரணம். எட்டியும் பிரிக்கப்படாமல் கிடப்பது எவ்வளவு என்பதை இந்த எண் தனியே சொல்வதில்லை.

பிரித்தவர்களிடமும் ஓர் இடர் எஞ்சியுள்ளது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்குரியது. லிட்டர் அளவை எல்லா வீடுகளிலும் இருப்பதில்லை. ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கரைத்து மறுபாதியை மறுநாளைக்கு மடித்து வைக்கும் பழக்கத்தைப் பல ஊழியர்கள் கண்டிருப்பார்கள். அது உப்பு மிகுந்த நீராகிக் குழந்தைக்குத் தீங்கு செய்யும். முழுப் பொட்டலத்தையும் கரைத்தால் வீணாகுமே என்று தாய் எண்ணுகிறாளா, அல்லது குழந்தை அவ்வளவு குடிக்காது என்று எண்ணுகிறாளா என்பதை அவளிடமே கேட்டறிய வேண்டும். வீட்டிலுள்ள சொம்பையோ குடத்தையோ அவளையே எடுத்து வரச் சொல்லி, லிட்டர் போத்தலால் நீரை அளந்து ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் அவளே ஓர் அடையாளம் இடுமாறு செய்வதும், கரைத்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று சொல்வதும் ஒரு வீட்டில் கால் மணி நேரத்துக்குள் முடியும் வேலைகளே.